மரே முதல் மார்த்துவாரா வரை: ஆற்று நீரில் பூர்வகுடிகளின் பங்கை எந்த வழியில் கொடுப்பது?

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரே, டார்லிங் ஆறுகளிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம் என்று வரையறுப்பது மரே-டார்லிங் படுகைத் திட்டம். அதை 2026-இல் மறுஆய்வு செய்தாக வேண்டும் என்பது ஆஸ்திரேலியச் சட்டம். அந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து இங்கே வாழும் தமிழ் வாசகர்கள் பலர் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பூர்வகுடிகளுக்கு ஆற்றில் பங்கு வேண்டும், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாலைந்து வழிகள் பேசுகிறார்களே, பொதுமக்கள் கருத்து கேட்கும்போது எதை ஆதரித்து எழுதுவது?"

நியாயமான குழப்பம். ஐந்து வழிகளுமே காகிதத்தில் நல்லவையாகத்தான் தெரியும். தண்ணீர் வராத ஆண்டில்தான் ஒவ்வொன்றின் உண்மையான எடையும் தெரியவரும். எல்லா ஆற்றுக்கும் ஒரே வழி செல்லாது என்பது என் முடிவு. அந்த ஆற்றில் பங்கு போடாத நீர் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அளவுகளைப் பற்றி ஒரு வரி. இங்கே நீரை மெகாலிட்டரிலும் கிகாலிட்டரிலும் கணக்கிடுகிறார்கள். ஒரு மெகாலிட்டர் என்பது பத்து லட்சம் லிட்டர். ஆயிரம் மெகாலிட்டர் ஒரு கிகாலிட்டர். நமக்குப் பழகிய ஒரு டி.எம்.சி. என்பது 28.3 கிகாலிட்டர்.

## பங்கு எப்படி இல்லாமல் போனது

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒப்பிட்டால் ஒவ்வொரு வழியும் அரசு தரும் சலுகைபோலத் தோன்றிவிடும்.

யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று சொல்லித்தான் குடியேறிகள் இந்தக் கண்டத்தை எடுத்துக்கொண்டார்கள். 1992-இல் மாபோ வழக்கில் உயர் நீதிமன்றம் அந்தக் கொள்கையைத் தூக்கி எறிந்தது. அடுத்த ஆண்டே பூர்வீக நிலவுரிமைச் சட்டம் வந்தது. நிலத்துக்கு நடந்த இந்தத் திருத்தம் நீருக்கு நடக்கவில்லை. அதுவரை நீர் உரிமம் நிலத்தோடு ஒட்டியிருந்தது. ஆற்றங்கரையில் நிலம் வைத்திருந்தவருக்கே நீர். 1995-இல் படுகையில் எடுக்கும் நீருக்கு உச்சவரம்பு விதித்தார்கள். 2000-இல் நியூ சவுத் வேல்ஸின் நீர் மேலாண்மைச் சட்டமும், 2004-இல் தேசிய நீர் உடன்படிக்கையும் வந்தன. நீரை நிலத்திலிருந்து பிரித்து, தனியே வாங்கி விற்கக்கூடிய சொத்தாக மாற்றும் வேலை இவற்றால் முழுமை பெற்றது. அந்த நேரத்தில் யார் கையில் உரிமம் இருந்ததோ அவர்களுக்கு ஒரு காசு செலவில்லாமல் அது சொத்தானது. நிலம் பறிபோனவர்களின் கையில் அப்போது ஒன்றும் இல்லை.

விளைவை எண்ணில் பார்க்கலாம். மரே-டார்லிங் படுகையின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் பூர்வகுடிகள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அவர்களின் அமைப்புகளிடம் இருந்த நீர் உரிமம், மேற்பரப்பு நீரில் 0.2 சதவீதம். 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது இது: 12.1 கிகாலிட்டர், அரை டி.எம்.சி.கூட இல்லை. 2009-க்கும் 2018-க்கும் இடையில் அந்தச் சிறு கையிருப்பிலும் 17.2 சதவீதம் கைநழுவியது. அமைப்புகள் கலைக்கப்பட்டபோது போனது கொஞ்சம். வேறு வழியின்றி விற்றது கொஞ்சம்.

இதே காலத்தில் குயின்ஸ்லாந்தின் கபி பருத்திப் பண்ணை ஒன்றின் தேக்கங்களில் மட்டும் 500 கிகாலிட்டருக்கு மேல் பிடிக்க இடம் இருந்தது.

## எதை வைத்து எடைபோடுவது

வழிகளுக்குள் போகும்முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

- உரிமை யார் பெயரில்? அடுத்த அமைச்சர் வந்தால் ரத்து செய்ய முடியுமா?
- வறட்சியில் வருமா? மழை ஆண்டில் எல்லோருக்கும் தண்ணீர் உண்டு.
- எதற்குப் பயன்படுத்தலாம்? சடங்கு, மீன்பிடி, சதுப்புநிலம் நனைத்தல், பயிர், குத்தகைக்கு விடுதல், ஆற்றிலேயே ஓட விடுதல் இவற்றில் எதை அந்த மக்களே தீர்மானிக்கலாம்?
- தொடர்செலவு எவ்வளவு, யார் தலையில்? கட்டணம், பம்பு, மீட்டர், வழக்கறிஞர்.
- யார் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது? பாசன விவசாயியும் சிற்றூரும் இதில் மனிதர்கள்தான்.

மூன்றாவது அளவுகோலுக்கு நான் கூடுதல் எடை தருகிறேன், காரணம் இருக்கிறது. 2007-இல் மரே ஆற்றங்கரையின் எச்சூகா நகரில் பூர்வகுடி நாடுகள் கூடி ஒரு பிரகடனம் செய்தன. "பண்பாட்டு நீரோட்டம்" என்று அவர்கள் அதில் வரையறுத்தது, தங்கள் பெயரில் சட்டப்படி சொந்தமான, போதிய அளவும் தரமும் உள்ள நீர் உரிமத்தை. ஆன்மிகம், பண்பாடு, சூழல், சமூகம், பொருளாதாரம் எல்லாவற்றையும் மேம்படுத்த அது போதுமானதாக இருக்க வேண்டும் என்றார்கள். பொருளாதாரமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சடங்குக்கு மட்டும் ஒரு குடம் தண்ணீர் தந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அந்தப் பிரகடனத்தைப் படிக்கவில்லை.

## வழி 1: பூர்வீக நிலவுரிமையோடு நிறுத்திக்கொள்வது

நிலவுரிமை அங்கீகரிக்கப்பட்டவர்கள் தனிப்பட்ட தேவைக்கு, வணிக நோக்கமின்றி மீன்பிடிக்கலாம், வேட்டையாடலாம், நீர் எடுக்கலாம். மீன்பிடிக்கும் வேட்டைக்கும் உரிமம் தேவையில்லை என்கிறது பூர்வீக நிலவுரிமைச் சட்டத்தின் 211-ஆம் பிரிவு. அரசுக்குச் செலவே இல்லாத வழி. யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் பாசனத் தரப்பும் இதை மகிழ்ச்சியோடு ஏற்கிறது.

இதன் முழு வலிமையையும் முழு பலவீனத்தையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் பார்க்கந்ஜி மக்களைப் பார்க்க வேண்டும். டார்லிங் ஆற்றை அவர்கள் பாக்கா என்கிறார்கள். 1997-இல் தொடங்கிய வழக்கு 2015 ஜூனில் முடிந்தது. ஏறத்தாழ 1,28,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அவர்களின் உரிமை ஏற்கப்பட்டது. நியூ சவுத் வேல்ஸில் அதுதான் மிகப் பெரியது. பதினெட்டு ஆண்டுப் போராட்டத்தில் வழக்கு தொடுத்த மூத்தவர்கள் பலர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை.

உரிமை வந்தது. ஆறு வரவில்லை. பார்க்கந்ஜி நிலம் டார்லிங்கின் கடைமடை. மேலே குயின்ஸ்லாந்திலும் வட நியூ சவுத் வேல்ஸிலும் பருத்திப் பண்ணைகள் எடுத்தது போக மிச்சம்தான் மெனின்டீ, வில்கேனியா ஆகிய ஆற்றங்கரை ஊர்களுக்கு. 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் மெனின்டீயில் பத்து லட்சம் அளவில் மீன்கள் செத்து மிதந்தன. பல பத்தாண்டு வயதுள்ள மரே காட் மீன்களை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு ஆற்றுக்குள் நின்று அழுதவர்களின் காட்சி நாடு முழுதும் பரவியது. ஆஸ்திரேலிய அறிவியல் கழகம் அமைத்த குழு, ஆற்றில் போதிய நீர் இல்லாததே அடிப்படைக் காரணம் என்று சொன்னது. 2023 மார்ச்சில் மறுபடியும். வெள்ளம் வடிந்த பின் நீரில் ஆக்சிஜன் சரிந்து, இரண்டு முதல் மூன்று கோடி மீன்கள். பெரும்பாலும் போனி ஹெர்ரிங். கரையிலிருந்து கரைவரை நீர்ப்பரப்பு வெள்ளையாகக் கிடந்தது.

மீன்பிடிக்கும் உரிமை சட்டத்தில் பத்திரமாக இருந்தது. பிடிக்க மீன் இல்லை. இந்த வழியின் மறைமுகச் செலவு இதுதான்: உரிமை கரையில் இருப்பவருக்கு, முடிவெடுக்கும் அதிகாரம் மேலே மடையைத் திறப்பவருக்கு.

இதற்கு நெருங்கிய இன்னொன்று நியூ சவுத் வேல்ஸ் தரும் பண்பாட்டு நீர் உரிமம். ஆண்டுக்கு அதிகபட்சம் 10 மெகாலிட்டர். நான்கு ஒலிம்பிக் நீச்சல் குளங்களின் அளவு. வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது. இதை ஒரு தனி வழியாக எண்ண என் மனம் ஒப்பவில்லை.

எப்போது இது போதும்? அணையும் பம்பும் பெரிதாக இல்லாத, நீர் தடையின்றி ஓடும் ஆறுகளில். அங்கே ஆறு ஆறாக இருக்கும்வரை இந்த உரிமைக்கு உயிருண்டு. மற்ற இடங்களிலும் இதை விட்டுவிடக் கூடாது. பேச்சுவார்த்தை மேசையில் உட்கார இதுதான் தகுதிச் சீட்டு. ஆனால் இதோடு நிறுத்தக் கூடாது.

## வழி 2: சூழல் நீரோடு சேர்த்து ஓட விடுவது

2007-இன் நீர்ச் சட்டமும் 2012-இன் படுகைத் திட்டமும், ஆற்றின் உயிரைக் காக்க ஆண்டுக்குச் சராசரியாக 2,750 கிகாலிட்டரை மீட்பது என்று இலக்கு வைத்தன. மீட்ட நீரைக் கூட்டாட்சி அரசின் சூழல் நீர்ப் பொறுப்பாளர் வைத்திருந்து, தேவைப்படும் இடத்துக்கும் காலத்துக்கும் திறந்துவிடுகிறார். "ஆற்றங்கரைச் செம்மரம் நனைந்தால் பூர்வகுடிகளின் மரமும்தானே நனைகிறது? தனிப் பங்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் இந்த வழியைச் சொல்கிறார்கள்.

அதில் பாதி உண்மை இருக்கிறது. ரிவர் ரெட் கம் என்னும் அந்த மரங்களின் பட்டையை ஒரே துண்டாக உரித்து ஓடம் செய்தார்கள். உரித்த இடத்தில் மரம் விளிம்பு கட்டி வளர்ந்து, ஓடத்தின் நீள வடிவிலேயே தழும்பு நிற்கும். அந்தத் தழும்பு மரங்கள் இன்றும் மரே கரை நெடுக இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது வெள்ளம் அடியைத் தொடாவிட்டால் அவை பட்டுப்போகும். சூழல் நீர் அவற்றைக் காப்பாற்றுகிறது.

நிலமும் சேர்ந்து கிடைத்தால் இந்த வழி நன்றாகவே வேலை செய்யும். மரம்பிட்ஜி ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஹே நகருக்கும் பால்ரனால்டுக்கும் நடுவே கயீனி என்னும் சதுப்புநிலப் பகுதி இருக்கிறது. ஏறத்தாழ 88,000 ஹெக்டேர். 2013-இல் அரசு அங்கிருந்த பண்ணைகளை நீர் உரிமத்தோடு சுமார் 18 கோடி டாலருக்கு வாங்கியது. பின்னர் நிலம் நரி நரி மக்களின் கைக்கு வந்தது. நீர் உரிமம் அரசிடம். அது பாயும் நிலம் அவர்களிடம். எந்த மடையைத் திறந்தால் எந்தக் குட்டை நிறையும் என்று சொல்ல அவர்கள் களத்திலேயே இருக்கிறார்கள். ஆண்டுக் கட்டணத்தை அரசு கட்டுகிறது.

உண்மையில்லாத பாதி என்ன? முடிவு இன்னொருவருடையது. பறவைகள் குஞ்சு பொரிக்கும் இடத்துக்கும், ஒரு குடும்பம் தலைமுறைகளாகக் கூடும் நீர்மடுவுக்கும் ஒரே ஆண்டில் நீர் தேவைப்பட்டால், சட்டப்படி முதலில் பார்க்கப்படுவது சூழல் இலக்கு. பொருளாதாரப் பயன்பாட்டுக்கு இதில் வழியே இல்லை. "ஆலோசனை கேட்டோம்" என்று ஒரு பத்தி எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் பழக்கமும் இந்த வழியில்தான் வளர்கிறது.

முழுதும் பங்கிடப்பட்ட ஆற்றில், இப்போதே, கூடுதல் செலவில்லாமல் ஏதாவது நடக்க வேண்டுமென்றால் இது நல்ல தொடக்கம். கயீனி போல நிலமும் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

## வழி 3: சந்தையில் வாங்கிக் கொடுப்பது

இதில் சற்று நேரம் நிற்க வேண்டும். மரே-டார்லிங்கில் உண்மையான விவாதம் இங்கேதான் நடக்கிறது.

படுகையில் புதிதாகக் கொடுக்க நீர் இல்லை. ஒவ்வொரு லிட்டரும் யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. ஆகவே, விற்க விரும்புபவரிடமிருந்து உரிமத்தை வாங்கிப் பூர்வகுடி அமைப்புகளின் பெயருக்கு மாற்றலாம். முதல் அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண்: பத்திரம் கையில். பயிரிடலாம், குத்தகைக்கு விடலாம், சதுப்புநிலத்துக்கும் அனுப்பலாம்.

2018-இல் கூட்டாட்சி அரசு இதற்காக 4 கோடி டாலர் அறிவித்தது. ஐந்து ஆண்டுகள் ஓடிய பிறகும் அந்தப் பணத்தில் ஒரு சொட்டு நீரும் வாங்கப்படவில்லை. யார் பெயரில் வைப்பது, எந்த அமைப்பு நிர்வகிப்பது என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது. நீர் விலையோ காத்திருக்கவில்லை. 2023-இல் தொகையை 10 கோடியாக உயர்த்தினார்கள். பத்து கோடி என்றதும் பெரிதாகத் தெரியும். கணக்கிட்டுப் பார்ப்போம். உரிமத்தின் விலை பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும். மெகாலிட்டருக்கு 5,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 20 கிகாலிட்டர். படுகைத் திட்டம் 2012-இல் மேற்பரப்பு நீருக்கு வைத்த நிலையான எடுப்பு வரம்பு 10,873 கிகாலிட்டர். அதில் இது 0.2 சதவீதத்தைத் தொடாது. படுகையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பூர்வகுடி நாடுகள் இருக்கின்றன.

மறைமுகச் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம்.

முதலாவது, உரிமத்தின் வகை. உரிமம் என்பது பங்கு மட்டுமே. ஒவ்வோர் ஆண்டும் அதில் எத்தனை சதவீதம் நீராக வரும் என்பதை அரசு அறிவிக்கும். "உயர் உறுதி" வகைக்கு வறட்சியிலும் பெரும்பாலும் கிடைக்கும், விலை அதிகம். "பொது உறுதி" வகை மலிவு. 2018-19-இல் நியூ சவுத் வேல்ஸ் மரே பள்ளத்தாக்கின் பொது உறுதி உரிமத்துக்குக் கிடைத்தது பூஜ்யம். "இத்தனை கிகாலிட்டர் வாங்கினோம்" என்று அமைச்சர் அறிவிக்கும்போது எந்த வகை என்று கேட்க வேண்டும். மலிவானதை நிறைய வாங்கி எண்ணிக்கை காட்டுவது எளிது.

இரண்டாவது, கட்டணம். ஒதுக்கீடு பூஜ்யமான ஆண்டிலும் உரிமத்துக்கான நிலையான கட்டணம் வந்துகொண்டேயிருக்கும். வருமானமில்லாத சிறிய அமைப்பு இரண்டு வறண்ட ஆண்டுகளைத் தாங்காது. முன்பு சொன்ன 17.2 சதவீத இழப்பை இந்தக் கண்ணோட்டத்தில் திரும்பப் பாருங்கள். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் உரிமத்தை மட்டும் கொடுத்தால் அது மறுபடியும் சந்தைக்கே போய்ச் சேரும்.

மூன்றாவது, என்னை அதிகம் உறுத்துவது. 2019 வறட்சியில் தெற்குப் படுகையில் ஓர் ஆண்டு நீரின் விலை மெகாலிட்டருக்கு 800 டாலரைத் தாண்டியது. மழை ஆண்டுகளில் அது சில பத்து டாலர்களுக்கு இறங்கிவிடும். ஆகவே குத்தகைக்கு விட்டால் அதிகப் பணம் வருவது வறண்ட ஆண்டில். நீர்மடுவுக்கும் மரத்துக்கும் மீனுக்கும் அந்த நீர் உயிராய்த் தேவைப்படுவதும் அதே ஆண்டில். பள்ளிப் பேருந்துக்கும் முதியோர் பராமரிப்புக்கும் பணம் தேடும் ஒரு சமூகத்தை இந்தத் தேர்வுக்கு முன் நிறுத்திவிட்டு "சுதந்திரம் தந்தோம்" என்று சொல்வது சரியில்லை. உரிமத்தோடு ஒரு நிதியும் சேர்ந்து வந்தால்தான் அது சுதந்திரம்.

விவசாயிகளின் பக்கம் என்ன? 2010 அக்டோபரில் படுகைத் திட்டத்தின் வழிகாட்டி வெளியானபோது கிரிஃபித் நகரில் அதன் பிரதிகளைக் கொளுத்தினார்கள். அந்தக் கோபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒரு பாசன வாய்க்காலில் பத்துப் பண்ணைகளில் நான்கு நீரை விற்றுவிட்டால், வாய்க்காலைப் பராமரிக்கும் செலவு மிச்சமிருக்கும் ஆறின் தலையில் விழுகிறது. பருத்தி ஜின்னிங் ஆலையோ பால் பண்ணையோ மூடினால் ஊரே மெலிகிறது. ஆனால் அந்த வலி ஆயிரக்கணக்கான கிகாலிட்டர் சூழல் மீட்பில் வந்தது. 0.2 சதவீதத்தைக்கூடத் தொடாத இந்த வாங்கலின் மேல் அந்தக் கணக்கை ஏற்றுவது நியாயமில்லை. ஒரே வாய்க்காலில் வாங்காமல் பரவலாக வாங்கினால் இந்தப் பாதிப்பையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

முழுதும் பங்கிடப்பட்ட ஆற்றில் பெயரளவில் நின்றுவிடாத பங்கு வேண்டுமென்றால் இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

## வழி 4: பங்கிடும்முன் தனியே எடுத்துவைப்பது

நீர் மிச்சமிருக்கும் ஆறுகளுக்கு இது. உரிமங்களை விநியோகிக்கும் முன்பே ஒரு பகுதியைப் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிவிடுவது.

விக்டோரியாவின் கிப்ஸ்லாந்தில் ஓடும் மிட்செல் ஆறு நல்ல உதாரணம். 2020 நவம்பரில் குனைகர்னாய் மக்களின் அமைப்புக்கு 2 கிகாலிட்டர் கிடைத்தது. ஒரு பூர்வகுடி அமைப்புக்கு விக்டோரியா அரசு நீர் திருப்பிக் கொடுத்தது அதுவே முதல் முறை. விவசாயிகளுக்கும் அதே ஆற்றில் புதிய நீர் திறந்துவிடப்பட்டது. யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை, யாரும் எதையும் கொளுத்தவில்லை. மரே-டார்லிங்கில் பல கோடி கொடுத்து வாங்க வேண்டியதை இங்கே ஒரு கையெழுத்தில் கொடுக்க முடிந்தது.

வடக்கு எல்லைப் பிராந்தியம் (நார்தர்ன் டெரிட்டரி) இதை 2019-இல் சட்டமாகவே ஆக்கியது. நீர்த் திட்டம் வகுக்கும்போது, பயன்பாட்டுக்கான நீரில் 30 சதவீதம் வரை பூர்வகுடிகளின் கையிருப்பாக வைக்கலாம். அந்தப் பகுதியில் அவர்களின் நிலம் எவ்வளவோ அதற்கேற்ப அளவு. அதே கொள்கைக்கு ஒரு கசப்பான முன்கதையும் உண்டு. முந்தைய அரசு ஒன்று தொடங்கியதை, 2012-இல் வந்த அரசு கைவிட்டது. 2017-இல் மீண்டும் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டமாக எழுதாத ஒதுக்கீடு எவ்வளவு எளிதில் கரையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. கணக்கில் வருவது முழு உடைமை உள்ள பூர்வகுடி நிலம். மாட்டுப் பண்ணைக் குத்தகைகளுக்குள் அகப்பட்டுக்கொண்ட மக்களின் பாரம்பரிய நிலம் அந்தக் கணக்கில் சேராது. தாத்தாவின் நிலத்தை வெள்ளைக்காரப் பண்ணையார் எடுத்துக்கொண்டதால் பேரனுக்கு நீரும் இல்லை என்றாகிறது. நீர் ஏற்கெனவே தீர்ந்துபோன தொகுதியில் கையிருப்பு காகிதத்தில் மட்டும் இருக்கும். கையிருப்பு வைத்துவிட்டோம் என்பதைச் சாக்காக்கி மிச்ச நீரைப் பெரிய திட்டங்களுக்குத் தாராளமாக அள்ளிக்கொடுக்கும் ஆபத்தும் இருக்கிறது. 2021-இல் அதே பிராந்தியத்தின் சிங்கிள்டன் பண்ணைக்கு ஆண்டுக்கு 40 கிகாலிட்டர் வரை நிலத்தடி நீர் எடுக்க 30 ஆண்டு உரிமம் கொடுத்தார்கள். கைட்டீச் மக்கள் தங்கள் புனித நீரூற்றுகளுக்காகவும் மரங்களுக்காகவும் நீதிமன்றம் ஏற வேண்டியதாயிற்று.

இன்னொரு நுட்பமான சிக்கல்: உரிமங்கள் பொதுவாக நீரை "எடுக்க" என்று எழுதப்பட்டவை. பம்பு வைத்து எடுப்பவருக்குப் பொருந்தும். ஆற்றிலேயே ஓடட்டும் என்று விரும்புபவருக்கு அந்தச் சட்டை சரியாகப் பொருந்தாது.

## வழி 5: ஆற்றை ஆறாகவே விடுவது, காவலில் பங்கு கொடுப்பது

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஃபிட்ஸ்ராய் ஆற்றை அதன் மக்கள் மார்த்துவாரா என்கிறார்கள். குறுக்கே பெரிய அணை கட்டப்படாத ஆறு. கோடை மழையில் கடல்போல் விரிந்து வரும். 2023 ஜனவரி வெள்ளத்தில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் பாலமே போய்விட்டது. வறண்ட மாதங்களில் மடுக்களாகச் சுருங்கும். அந்த மடுக்களில் வாழும் வாள்மீனுக்கு உலகில் மிச்சமிருக்கும் சில புகலிடங்களில் இது ஒன்று.

பாசன ஆசை இங்கே புதிதல்ல. கேம்பலின் என்ற இடத்தில் 1950-களில் தடுப்பணையோடு தொடங்கிய திட்டம், 1983 வெள்ளத்தில் கரைகள் உடைந்து முடிந்தது. 2016-இல் ஆற்றின் பூர்வகுடி நாடுகள் கூடி ஃபிட்ஸ்ராய் ஆற்றுப் பிரகடனம் செய்தன. 2018-இல் மார்த்துவாரா மன்றம் அமைத்தார்கள். ஆண்டுக்கு 300 கிகாலிட்டர் வரை ஆற்று நீர் எடுக்கலாமா என்று அரசு பொதுமக்களிடம் கேட்டபோது, பல்லாயிரம் பேர் எதிர்த்து எழுதினார்கள். 2023-இல் ஆற்றிலிருந்து புதிதாக மேற்பரப்பு நீர் எடுக்க அனுமதிப்பதில்லை என்று அரசு முடிவுக்கு வந்தது. கருத்து எழுதி அனுப்புவதால் ஒன்றும் ஆகாது என்று சோர்ந்திருக்கும் வாசகர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

விக்டோரியா வேறொரு வடிவம் எடுத்தது. 2017-இன் யாரா ஆற்றுச் சட்டம் ஆற்றை ஒரே உயிருள்ள முழுமையாக ஏற்று, பூர்வகுடிகள் இடம்பெறும் பிரராங் மன்றத்தை அதன் குரலாக நியமித்தது. அழகான சட்டம். ஆனால் ஒரு மெகாலிட்டர் நீரும் அதனால் கைமாறவில்லை.

இந்த வழியின் விலையை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதில் வருமானம் இல்லை. கிம்பர்லியில் வேலையில்லாத இளைஞர்கள் இருக்கிறார்கள். நூன்கன்பா போல பூர்வகுடிகளே நடத்தும் மாட்டுப் பண்ணைகள் இருக்கின்றன. தீவனப் பயிருக்குக் கொஞ்சம் நீர் கிடைத்தால் நல்லது என்ற குரலும் அந்த மக்களுக்குள்ளேயே எழுகிறது. அதை வெளியிலிருந்து அடக்க நமக்கு உரிமையில்லை. அரசின் கொள்கை முடிவை அடுத்த அரசு மாற்றலாம் என்பது இன்னொரு பலவீனம். ஆனால் ஒருமுறை எடுக்கத் தொடங்கிய ஆற்றை மீட்க என்ன செலவாகும் என்பதை மரே-டார்லிங் நமக்குக் காட்டிவிட்டது.

## ஒரே பார்வையில்

| வழி | உரிமை யாரிடம் | வறட்சியில் | பயன்பாட்டுச் சுதந்திரம் | தொடர்செலவு | பொருந்தும் ஆறு |
|---|---|---|---|---|---|
| நிலவுரிமை மட்டும் | மக்களிடம். அளவு இல்லை | மேலே விட்டால் வரும் | வணிகம் கூடாது | குறைவு. வழக்குச் செலவு மிக அதிகம் | தடையின்றி ஓடுவது |
| சூழல் நீர் | அரசிடம் | ஓரளவு | மிகக் குறைவு | அரசு ஏற்கிறது | முழுதும் பங்கிட்டது, நிலம் கையில் இருந்தால் |
| சந்தையில் வாங்குதல் | மக்களிடம், பத்திரத்தோடு | உரிம வகையைப் பொறுத்தது | அதிகம் | அதிகம் | முழுதும் பங்கிட்டது |
| முன்கூட்டிய ஒதுக்கீடு | சட்டமானால் உறுதி | விதிகளைப் பொறுத்தது | நடுத்தரம் | நடுத்தரம் | நீர் மிச்சமிருப்பது |
| ஆற்றை விடுதல் | மன்றத்தில் குரல் | ஆறு ஓடினால் உண்டு | பண்பாட்டுக்கு முழுமை, வருமானமில்லை | குறைவு | இன்னும் கைபடாதது |

## நான் எதை எழுதுவேன்

மரே-டார்லிங் மறுஆய்வுக்கு எழுதுவதானால் மூன்றாம் வழியை முதலிலும், இரண்டாம் வழியை அதன் துணையாகவும் வைப்பேன். உயர் உறுதி உரிமங்கள் எவ்வளவு என்று தனியே குறிப்பிடச் சொல்வேன். வாங்கும் தொகையோடு, குறைந்தது இரண்டு மூன்று பூஜ்ய ஒதுக்கீட்டு ஆண்டுகளின் கட்டணத்தைத் தாங்கும் நிதியும் கேட்பேன். அந்த உரிமத்தை அவசரத்தில் நிரந்தரமாக விற்க முடியாதபடி, ஆனால் ஆண்டு நீரைக் குத்தகைக்கு விட முடிகிறபடி விதி எழுதச் சொல்வேன். இந்த விதியை வகுக்கும் இடத்தில் அந்த மக்கள் இல்லையென்றால் அதை எதிர்ப்பேன். அவர்களுக்கு வேண்டாமென்றால் விற்பனைத் தடையும் வேண்டாம். பார்க்கந்ஜி போன்ற கடைமடை மக்களுக்கு உரிமம் மட்டும் போதாது. மேலிருந்து வரும் முதல் வெள்ளத்தை யாரும் பம்பு வைத்து எடுக்காமல் கீழே போக விட வேண்டும் என்ற விதியும் வேண்டும்; இல்லாவிட்டால் வாங்கிய நீரும் வழியிலேயே நின்றுவிடும்.

வடக்கில், கிம்பர்லியிலும் எல்லைப் பிராந்தியத்திலும், வரிசை வேறு. முதலில் ஐந்தாம் வழி. நீர் எடுப்பது என்று அந்த மக்களும் ஒப்புக்கொண்டு முடிவானால், முதல் உரிமம் கையெழுத்தாகும் முன்பே நான்காம் வழி. குத்தகை நிலத்தில் அகப்பட்டவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு வாசகர் அமெரிக்காவைப் பற்றிக் கேட்டிருந்தார். அங்கே 1908-இன் வின்டர்ஸ் தீர்ப்பு, பழங்குடிகளுக்கு நிலம் ஒதுக்கியபோதே அதற்கான நீரும் ஒதுக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்றது. ஒதுக்கிய தேதியிலிருந்தே முன்னுரிமை. அந்த அடித்தளத்தில் நின்றுதான் அரிசோனாவின் கிலா ஆற்றுச் சமூகம் 2004-இல் ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி நீரைச் சட்டத்தால் உறுதி செய்துகொண்டது. ஏறத்தாழ 800 கிகாலிட்டர், 28 டி.எம்.சி. ஆஸ்திரேலிய நீதிமன்றங்களில் அப்படியொரு கோட்பாடு இல்லை. ஆகவே இங்கே வழக்கை நம்பிக் காத்திருக்க முடியாது. நாடாளுமன்றமும் நீர்த் திட்டங்களும்தான் களம். கருத்து அனுப்பும்போது ஆற்றின் பெயர், அங்குள்ள மக்களின் பெயர், கேட்கும் வழி மூன்றையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அந்த மக்களின் அமைப்பு தானே ஒரு கருத்து அனுப்பியிருந்தால், அதை முதலில் படித்துவிட்டு எழுதுங்கள்.